உலர்ந்த வாய்க்கு ஒரு ரீட்

மார்ச் 5, சாம்பல் புதன்

நோட்டின் முதல் பக்கத்தில் தலைப்புப் போட்டுவிட்டேன்: ‘ஆசீர்வாதத்தின் சாக்ஸபோன். அவர் வாய் நேராகும் வரை என் பொறுப்பில்.’

பெட்டியில் இருப்பு, நாணல் ரீட் ஐந்து. ஊதும் முனையில் மாட்டுகிற மெல்லிய பட்டை, அது அதிர்ந்தால்தான் சத்தம். ஒவ்வொன்றின் தட்டையான முதுகிலும் பென்சிலால் எண் எழுதினேன். இரண்டாம் எண்ணுக்கு நுனியில் முடியளவு கீறல். ஐந்தாம் எண் புதிது, இன்னும் முரண்டு பிடிக்கிறது. மூன்றாம் எண் அவருடைய செல்லம். இனி எந்த ரீட் எத்தனை நிமிடம் வாசித்தது என்று எழுதி வருவேன். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியை எழுதுகிறவள் இதை மட்டும் விடுவானேன்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் பாடி வீடு வீடாகச் சுற்றிவிட்டு வந்த மறுநாள் காலை, என் கணவர் ஆசீர்வாதம் காபி டம்ளரை வாயில் வைத்தார். இடது ஓரமாக எல்லாம் வழிந்து சட்டையில் விழுந்தது. முகவாதம். ஆறு மாதம், எட்டு மாதம் ஆகலாம் என்கிறார் டாக்டர். அதுவரை உதடு ரீடைப் பிடிக்காது. அன்றிலிருந்து அவர் கோவிலுக்கும் வருவதில்லை. வீட்டில் ரேடியோவில் ஆராதனை கேட்கிறார்.

போன ஞாயிறு பாடகர் குழுத் தலைவர் ஜெயசிங் வந்திருந்தார். பெரிய வெள்ளியைப் பற்றிப் பேச. அன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை சிலுவையின் ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம். ஒவ்வொன்றுக்கும் பிறகு சபையார் பாடுவார்கள். ஐந்தாவது வார்த்தைக்கு மட்டும் யாரும் பாடமாட்டார்கள். அது தாகத்தைப் பற்றியது. அதற்குப் பிறகு சாக்ஸபோன் மட்டும், தனியாக. பத்தொன்பது வருஷமாக என் கணவர்தான் வாசித்தார். எங்கள் சபையில் அன்று விடியற்காலையிலிருந்து மூன்று மணிவரை யாரும் பச்சைத் தண்ணீர்கூட வாயில் ஊற்றுவதில்லை. அந்த வறண்ட வாயோடு அவர் வாசிப்பதைப் பற்றித் தூத்துக்குடி முழுக்கப் பேச்சு உண்டு.

இந்த வருஷம் மதுரையிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்றார் ஜெயசிங். நான் டீ கொண்டு போனேன். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, “நான் வாசிக்கேன்” என்றேன். ஜெயசிங் சிரித்தார். என் கணவர் காலண்டரைப் பார்த்தார்.

ஆறு வருஷமாக வாசிக்கிறேன். மகள் பெனிட்டா ஹாஸ்டலுக்குப் போன ஜூன் மாதம் தொடங்கினேன். என் கணவர் அலுவலகம் போன பிறகு, பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை. அவர் விரல் போகிற போக்கைப் பார்த்துக் கட்டம் போட்டு எழுதிவைத்துக்கொண்டேன். ஒருநாள் அரை நாள் லீவில் வந்தவர் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, “மூச்சு இருக்கு. மத்தது வரணும்” என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பதினான்காம் தேதி, வெள்ளி மாலை லெந்து என்கிற தவக்காலக் கூட்டத்தில் ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார் ஜெயசிங்.

மார்ச் 7, வெள்ளி

உபவாசம். மூன்றாம் எண், 25 நிமிடம். கைப்பிடிச்சுவர் ஓரத்துக் கறிவேப்பிலையில் பூச்சி.

மார்ச் 14, வெள்ளி

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

லெந்து வெள்ளிகளில் விடியற்காலையிலிருந்து மாலைக் கூட்டம் முடியும்வரை நான் தண்ணீர் குடிப்பதில்லை. திடப்படுத்தல் எடுத்துச் சபையின் முழு அங்கத்தினரான பதினைந்தாம் வயதிலிருந்து. நாணல் ரீடுக்கோ ஈரம் வேண்டும். வாயில் வைத்து ஊறவைக்க வேண்டும். என் வாயில் ஊற ஒன்றும் இல்லை. அதனால் ஒரு டம்ளர் தண்ணீரில் ரீடை ஊறப்போட்டு எடுத்துப் போனேன். வாயில் வைத்ததும் இரண்டு சொட்டு நாக்கில் இறங்கிவிட்டது. துப்பக் கோவிலில் இடம் இல்லை. அந்த இரண்டு சொட்டும் என் கணக்கில்தான்.

பாஸ்டர் ஐயா பிரசங்கத்தை இருபது நிமிடத்தில் முடிப்பார் என்று நினைத்தேன். ஐம்பது நிமிடம். நேர் மேலே மின்விசிறி. நான் எழுந்தபோது ரீட் வாழைச் சருகுபோல் அலையடித்துக் காய்ந்திருந்தது. முதல் வரி வந்தது. இரண்டாம் வரியில் மேலே ஏறும் இடத்தில் கீச்சென்று ஒரு சத்தம். பாடகர் குழுவில் இருந்த இரண்டு பெண்கள் துப்பட்டாவுக்குள் சிரித்தார்கள். எனக்கும் அவர்கள் வயதில் சிரிப்பு வந்திருக்கும். கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

வெளியே ஜெயசிங் என் செருப்புப் பக்கத்தில் வந்து நின்றார். என் கணவரை அண்ணாச்சி என்கிறவர், ஆகவே நான் அவருக்கு மைனி.

“மைனி, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.”

“குடிச்சிருந்தா உபவாசம் ஆயிருக்காது.”

பாஸ்டர் ஐயா அருகில் இருந்தார். நல்லவர். அவர் குரலைத் தணித்து, சிலுவையில் ஆண்டவரே கடைசியில் ஈரத்தை வாங்கிக்கொண்டாரே அம்மா என்றார்.

“எல்லாம் முடிஞ்சதுன்னு தெரிஞ்ச பெறகுதான் ஐயா அவர் தாகம்னு சொன்னார். எனக்கு வாசிக்க இனிமேத்தான இருக்கு.”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்றாம் எண், 4 நிமிடம். பெரிய வெள்ளியன்று இப்படி நடக்காது.

மார்ச் 16, ஞாயிறு

பெனிட்டா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அலுவலகத் தோழி ஒருத்தி கிளாரினெட் வாசிக்கிறாளாம். நாணலே இல்லாமல் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றில் ரீட் வருகிறது, ஈரம் வேண்டாம், காயாது, வளையாது, வாயில் வைத்ததும் பேசும் என்றாள். இரண்டு அனுப்பச் சொன்னேன்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் வாயின் வலது பாதியால் சொன்னார். “பிளாஸ்டிக்கா. கோவில்ல பிளாஸ்டிக் பூ வைப்பியா நீ?”

“பலிபீடத்துல வருசம் முழுக்க அதான இருக்கு. மாசாமாசம் நான்தான கழுவுதேன்.”

பெனிட்டா போனுக்குள் சிரிப்பது கேட்டது.

மார்ச் 20, வியாழன்

அவரிடம் கேட்டேன். பத்தொன்பது வருஷம் வறண்ட வாயோடு, அதே நாணலை, அதே விசிறிக்குக் கீழே எப்படி வாசித்தீர்கள் என்று. சொல்லித்தந்தால் நானும் அப்படியே செய்வேனே.

“பழக்கம்” என்றார்.

எத்தனை வருஷத்தில் பழகும் என்று கேட்டேன். முகத்துக்குப் பயிற்சி செய்ய வேண்டும் என்று எழுந்து கண்ணாடி முன்னால் போய்விட்டார். ஊ என்று குவிப்பதும் ஈ என்று இழுப்பதும். இடது பக்கம் கொஞ்சம் அசைகிறது. நான் பார்ப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை.

மார்ச் 22, சனி

பார்சல் வந்தது. பிளாஸ்டிக் ரீட் இரண்டு. முதலாவதுக்கு அ என்றும் மற்றதுக்கு ஆ என்றும் பெயர். அ ரொம்பக் கெட்டி. ஊதினால் காது அடைத்துக்கொள்கிறதே தவிர சத்தம் வரவில்லை. ஆ கொஞ்சம் மெலிது. எடுத்தேன், மாட்டினேன், ஊதினேன். வந்தது. நாணலுக்கு இருபது நிமிடம் பணிவிடை செய்தவளுக்கு இது ஒரு மாதிரி வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனால் சத்தம் வேறுதான். மேல் சுரங்களில் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்ட மாதிரி ஓரம். கீழ் உதட்டில் எறும்பு ஓடுவதுபோல் ஒரு அதிர்வு. எனக்குப் பிடித்தது நாணல்தான். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆ, 40 நிமிடம்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். மூன்றாம் எண்ணையும் ஆ-வையும் மாற்றி மாற்றி மாட்டி ஆறு தரம் வாசித்தேன். எது எது என்று அவர் சொல்ல வேண்டும்.

முதல் ஐந்தும் சரியாகச் சொன்னார். இரண்டு சுரம் போவதற்குள் “பிளாஸ்டிக்” என்பார், பல்லில் கல் மாட்டிய மாதிரி. ஆறாவதாகப் பாட்டின் கடைசிப் பகுதியைக் கீழ் ஸ்தாயியில், மெதுவாக, மூச்சை நீட்டி வாசித்தேன்.

“இது நாணல். இதான் நாணல். இந்த மூணாம் நம்பர்க்கு நிகரே கிடையாது.”

மூன்றாம் எண் என் மடியில் கிடந்தது. திரும்பிப் பார்த்தவர், தான் சரியாகக் கவனிக்கவில்லை என்றார்.

அப்படியானால் செய்ய வேண்டியது இதுதான். முழுப் பாட்டையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிடுவது. பிளாஸ்டிக்கின் ஓரம் தெரிவது மேலேதான். மேலே போகாவிட்டால் ஓரமும் இல்லை. கீழே மூச்சு இரண்டு மடங்கு வேண்டும். அது என்னிடம் இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மார்ச் 28, வெள்ளி

உபவாசம். வாய் காய்ந்தபடியே ஆ-வில் 50 நிமிடம். ஒரு கீச் இல்லை.

சாக்ஸபோன் பெட்டியை வெயிலில் வைக்கக் காலி செய்தேன். கழுத்துக் குழாய் வைக்கும் பள்ளத்தில் வெல்வெட்டுக்கு அடியில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. இருமல் மருந்து பாட்டில், லேபிள் பாதி உரிந்தது. முகர்ந்து பார்த்தேன். மருந்து வாசனை இல்லை, ஒரு வாசனையும் இல்லை. உள்ளே அடியில் உப்புத் தண்ணீர்க் குடத்தில் படிவது போல வெள்ளையாக ஒரு வளையம். அவருக்கு இருமல் வந்து நான் பார்த்ததில்லை.

கழுவினேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் செய்தி பார்க்கும்போது கண்ணில் படும் இடம்.

மார்ச் 30, ஞாயிறு

பாட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவர் இரண்டு நாளாகச் செய்தி பார்க்கவில்லை. பெனிட்டாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மாலைக் கூட்டத்தில் மறுபடி வாசித்தேன். ஆ, கீழ் ஸ்தாயி. பாஸ்டர் ஐயா இந்த முறையும் ஐம்பது நிமிடம் பேசினார். பேசட்டும் என்று இருந்தேன். எழுந்தேன், வாசித்தேன், உட்கார்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா கைக்குட்டை எடுத்தார்கள்.

ஜெயசிங் என் பக்கத்தில் வந்து ரீடைப் பார்க்கவேண்டும் என்றார். கொடுத்தேன். நகத்தால் தட்டினார்.

“மைனி, நாற்காலி செய்ற சாமானுல்லா இது.”

“நாற்காலியில உக்காந்து பிரசங்கம் கேக்கலாம், வாசிக்கக் கூடாதோ?”

அவர் என்னை அவமதிக்கவில்லை. அப்படி எழுதினால் தப்பு. நன்றாகத்தான் இருந்தது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ஐந்தாவது வார்த்தைக்குச் சபை எதிர்பார்ப்பது அண்ணாச்சியின் சத்தத்தை. அது நாணல் சத்தம். தண்ணீர் குடிக்காமல், நாணலில், பத்தொன்பது வருஷம் ஒரு மனுஷன் வாசித்துக் காட்டியிருக்கிறான். முடியாது என்று எப்படிச் சொல்வது? நீங்களும் நாணலில் வாசித்தால் உங்களுக்கு இடம். பிளாஸ்டிக் என்றால் மதுரைக்காரர் வருவார். குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முடிவு சொல்லிவிட வேண்டும். அவர் பேசியதன் சுருக்கம் இது.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை குறையாமல் என் கணவரிடம் சொன்னேன். பத்தொன்பது வருஷம் என்ற இடத்தில் நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியதாக அவர் சொன்னார். தோசை ஊற்றினேன். பசியில்லை என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆ, 35 நிமிடம். பேச்சு இல்லை. உப்பு வாங்க வேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் ஜெபத்துக்குப் பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு நாணலிலேயே வாசித்தால் என்ன? யாருக்குத் தெரியும்? மூன்றாம் எண் எவ்வளவு அழகாகப் பேசும்.

எனக்குத் தெரியும். அது போதும்.

மதுரைக்காரர் வந்தால் வரட்டும். நான் பெண்கள் பக்கம் நான்காவது வரிசையில் என் இடத்தில் உலர்ந்த வாயோடு உட்கார்ந்து கேட்பேன். ஆனால் அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, இது பிளாஸ்டிக்தான், இதில்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

காலை ஏழு மணிக்கு அவர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டிசம்பருக்குப் பிறகு முதல் முறை. பவனியில் வராமல் நேரே கோவிலுக்கு வந்து ஆண்கள் பக்கம் கடைசியில், கைக்குட்டையை வாயின் இடது ஓரத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்காதவர்கள் குறைவு.

ஆராதனை முடிந்து பாடகர் குழு அறையில் ஜெயசிங், பாஸ்டர் ஐயா, குழுவில் ஏழெட்டுப் பேர். மேசைமேல் குருத்தோலைச் சிலுவைகள் குவியலாகக் கிடந்தன. ஜெயசிங் என்னைப் பார்த்து, “மைனி, நாணலா, மதுரையா?” என்றார். நான் பெட்டியைத் திறந்து ஆ-வை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“இதுதான். நாணல் எனக்கும் பிடிக்கும். ஆனா அதுக்குத் தண்ணி வேணும், அன்னைக்கு என்கிட்ட தண்ணி இல்ல. தாகத்தைப் பத்தின பாட்டை வாயை நனைச்சுக்கிட்டு வாசிக்க எனக்கு வராது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க.”

ஜெயசிங் பெருமூச்சு விட்டார். “அண்ணாச்சிக்கு வந்துச்சே மைனி.”

கதவுப் பக்கமிருந்து, “வரல்ல” என்று குரல் வந்தது.

அவர் வந்து நின்றதை யாரும் கவனித்திருக்கவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். முகம் கோணியபடி எல்லாருக்கும் தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து அந்த இருமல் மருந்து பாட்டிலை எடுத்து ரீடுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நாலாவது வார்த்தை பாட்டுக்கு எல்லாரும் எந்திரிப்பிய. அப்பம் குனிஞ்சு குடிச்சிருவேன். பத்தொன்பது வருசமும்.”

“அண்ணாச்சி, இது எதுக்கு இப்பம்...” என்றார் ஜெயசிங்.

“பொறு. எனக்கு ப, ம வராது, மெதுவாத்தான் சொல்லமுடியும். நாணல் காஞ்சா யாருக்கும் பேசாது. எனக்கும் பேசல்ல. முதல் வருசம் பயந்து குடிச்சேன். பெறகு பேர் வந்துட்டு, நிறுத்த முடியல்ல. அவ குடிக்கமாட்டா. அவளுக்கு அந்தப் பிளாஸ்டிக்தான் சரி. அவளை எங்கூட ஒப்பிடாத.”

பாஸ்டர் ஐயா ஒரு குருத்தோலைச் சிலுவையை எடுத்துப் பிரித்துக்கொண்டே இருந்தார். ஜெயசிங் பாட்டிலைப் பார்த்தார், ரீடைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அறிவிப்புத் தாளில் மதுரைக்காரர் பெயர் இருந்த இடத்தில் கோடு போட்டார். ‘திருமதி ஆசீர்வாதம்’ என்று எழுதத் தொடங்கினார்.

“செல்வகிருபைன்னு போடுங்க” என்றேன்.

போட்டார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்று எழுதினால் பொய்க் கணக்கு. பாட்டிலைக் கழுவிய அன்றே தெரியும். வீட்டுக்கு நடந்துவரும்போது அவரிடம் இதைச் சொன்னேன்.

“தெரியும்னு எனக்கும் தெரியும்” என்றார். “டிவி பக்கத்துல எவ இருமல் மருந்து வைப்பா?”

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கஞ்சி குடித்துவிட்டு எழுதுகிறேன்.

காலையில் மாத்திரைக்குத் தண்ணீர் நீட்டினேன். மூன்றரைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று டம்ளரைத் திருப்பித் தந்தார். டாக்டர் நேரம் சொல்லவில்லையாம். ஆகட்டும் என்று விட்டேன்.

கோவிலில் இடமில்லாமல் வாசல்வரை ஆள். பன்னிரண்டரைக்கு மின்சாரம் போனது. விசிறி நின்றது. நாலாவது வார்த்தைக்குப் பாட எல்லாரும் எழுந்தபோது நான் ஆண்கள் பக்கம் பார்த்தேன். அவர் குனியவில்லை. பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

ஐந்தாவது பிரசங்கம் முடிந்தது. நான் எழுந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. உதட்டைப் பிரித்தபோது தோல் உரிந்த எரிச்சல். ஆ-வை மாட்டியபோது அதற்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஊதினேன்.

கீழ் ஸ்தாயியில் அது கோவில் தரை வழியாகப் போகிற மாதிரி போயிற்று. முதல் இரண்டு வரி நான் விரலைத்தான் நினைத்தேன். மூன்றாம் வரியில் விரலை மறந்துவிட்டேன். இரண்டாம் சுற்றில், கீழேயே முடிக்க வேண்டிய இடத்தில், நான் மேலே ஏறினேன். எழுதிவைக்காதது. ஓரம் தெரியும் என்று தெரிந்துதான் ஏறினேன். தெரிந்தது. எவர்சில்வர் ஓரம், மறைக்காமல், அப்படியே. தாகத்துக்கு ஓரம் இருக்கத்தான் செய்யும். பிறகு கீழே இறங்கி, மூச்சு தீரும்வரை கடைசிச் சுரத்தைப் பிடித்தேன்.

உட்கார்ந்து கழுத்துக் குழாயைக் கவிழ்த்தேன். தண்ணீர் சொட்டிற்று. தரையில் ஐந்தாறு சொட்டு. காலையிலிருந்து ஒரு துளி குடிக்காதவளின் மூச்சில் அவ்வளவு தண்ணீர் இருந்திருக்கிறது. அதைத் துடைக்காமல் விட்டேன்.

மூன்று மணிக்கு வெளியே கஞ்சியும் துவையலும். அவர் வரிசையில் நின்று இரண்டு டம்ளர் தண்ணீர் வாங்கிவந்தார். ஒன்றை எனக்குத் தந்துவிட்டு மற்றதைக் குடித்தார். இடது ஓரமாக வழியவில்லை. இருவரும் பார்த்தோம்.

“உதடு மூடுது” என்றேன்.

“ம். டிசம்பர்ல வாசிச்சிருவேன்.” டம்ளரைக் கவிழ்த்து உதறிவிட்டு, “அடுத்த பெரிய வெள்ளிக்கும் ஆயிரும். இந்தத் தடவை தண்ணியில்லாம” என்றார்.

பத்தொன்பது வருஷம் அவர் வாசித்ததை நான் கேட்டிருக்கிறேன். அழுதுமிருக்கிறேன். அவர் முகம் சரியாக வேண்டும் என்று இந்த நாற்பது நாளும் முழங்காலில் நின்றிருக்கிறேன். இருந்தாலும் சொன்னேன்.

“கிறிஸ்துமஸுக்கு நீங்க வாசிங்க. கல்யாண வீட்டுக்கும் போங்க. அஞ்சாவது வார்த்தை எனக்கு. அதை நான் தரமாட்டேன்.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். வலது பக்கம் முதலில் சிரித்தது. இடது பக்கம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

“அந்த ரெண்டாவது சுத்துல மேல போனியே,” என்றார். “நான் போனதே இல்ல.”

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. உபவாசம் முடிந்துவிட்டதால் தாராளமாகத் தண்ணீர் குடித்துவிட்டு நாணலில் வாசித்தேன். மூன்றாம் எண்ணை அவரே டம்ளரில் ஊறப்போட்டு வைத்திருந்தார். பிளாஸ்டிக்கில் வராத இனிமை அதில் வந்தது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் எண், 12 நிமிடம்.

ஆ, துடைத்து, தனி உறையில், ‘பெரிய வெள்ளி’ என்று எழுதி.

முதல் பக்கத்துத் தலைப்பில் ‘அவர் வாய் நேராகும் வரை’ என்பதை அளவுகோல் வைத்து அடித்துவிட்டேன். கீழே தேதியும் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.